2020-ல் உலகமே நின்றது. மௌனா லோவா கோடு ஏன் வளையவில்லை?

1. மூன்றாம்பக்கம்

சில நாட்களாக ஒரு விஷயம் உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஹவாயின் மௌனா லோவா மலையில் 1958 முதல் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அளந்துவருகிறார்கள். மாத சராசரிகள் இணையத்தில் கிடைக்கின்றன. எடுத்து வரைந்து பார்த்தேன். தொடக்கத்தில் 315 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 315 பங்கு) அளவில் இருந்தது இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. ரம்பப் பல் மாதிரி ஏறி இறங்கி ஏறும் கோடு.

ஆண்டுகளை மறைத்துவிட்டு, "இதில் எந்த இடத்தில் ஏற்றம் கொஞ்சம் மட்டுப்பட்டிருக்கிறது, சொல்" என்று வீட்டில் ஒருவரிடம் கேட்டேன். 2020-ஐக் காட்டுவார் என்று நினைத்தேன். விமானம் பறக்கவில்லை, சாலையில் வண்டி இல்லை, ஆலைகள் மூடிக் கிடந்தன. அவரோ 1992 பக்கம் விரலை வைத்தார்! 2020-ல் ஒரு நெளிவுகூட இல்லை.

அப்படியானால் உமிழ்வு குறைந்தது என்று சொன்ன கணக்கு தப்பா, இல்லை நாம் விடும் புகைக்கும் இந்தக் கோட்டுக்கும் நாம் நினைக்கிற அளவு தொடர்பு இல்லையா? உலகம் முழுக்கக் கதவைச் சாத்தியே அசையாத கோட்டை ஒரு வரியோ ஒரு ஒப்பந்தமோ எப்படி அசைக்கும்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

2. சும்மாதான்

1992-ல்தானே ரியோவில் ஐநா பருவநிலை உடன்படிக்கைக்குக் கையெழுத்துப் போட்டார்கள்? பேனாவின் மகிமையாக இருக்கும். :)

3. ஈரக்காற்று

மாதம் நூறு கடன் வாங்குகிறவர் ஒரு வருடம் மட்டும் தொண்ணூற்றைந்து வாங்கினார். கடன் குறைந்ததா? ஏறுகிற வேகம் துளி குறைந்தது, அவ்வளவுதான். மௌனா லோவா காட்டுவது மொத்தக் கடனை.

4. மூன்றாம்பக்கம்

அது புரிகிறது. ஆனால் அந்தத் துளியாவது தெரிய வேண்டாமா?

5. திசைகாட்டி

தெரியாது. ஏன் என்று எண்ணிலேயே பார்த்துவிடலாம்.

வளிமண்டலத்தில் 1 பிபிஎம் ஏற சுமார் 780 கோடி டன் கார்பன் டை ஆக்சைடு வேண்டும். நிலக்கரி, எண்ணெய், எரிவாயு, சிமெண்ட் எல்லாம் சேர்ந்து இன்றைக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3,700 கோடி டன். காடழிப்பும் நிலப் பயன்பாட்டு மாற்றமும் சுமார் 400 கோடி. கூட்டினால் 4,100. இதை 780-ஆல் வகுத்தால் ஆண்டுக்கு 5 பிபிஎம்-க்கு மேல் ஏற வேண்டும். ஏறுவதோ சராசரியாக 2.5. மீதியைக் கடலும் செடிகொடிகளும் வாங்கிக்கொள்கின்றன.

2020-ல் ஏப்ரல் தொடக்கத்தில் அன்றாட உமிழ்வு 17 சதவீதம்வரை விழுந்தது உண்மைதான். ஆனால் அது சில வாரக் கதை. ஆண்டு முழுவதற்கும் பார்த்தால் 5 சதவீதத்தை ஒட்டிய சரிவு, அதாவது சுமார் 200 கோடி டன். 780-ஆல் வகுத்தால் 0.25 பிபிஎம். அதில் பாதியைக் கடலும் நிலமும் எப்படியும் எடுத்திருக்கும் என்று வைத்தால் 0.13.

இனி எதிர்ப்பக்கம். எல் நினோ (பசிபிக் கடல் வழக்கத்தைவிடச் சூடாகும் காலம்) வந்தால் வெப்பமண்டலக் காடுகள் காய்ந்து குறைவாக உறிஞ்சும், சில இடங்களில் எரியும். லா நினா வந்தால் நேர்மாறு. இந்த அலைச்சலால் மட்டும் ஆண்டு உயர்வு ஒரு பிபிஎம் அளவுக்கு மேலே கீழே போகும். வெடிச்சத்தத்துக்கு நடுவே ஊசி விழுந்த மாதிரி.

1992 என்றவர் கெட்டிக்காரர். 1991-ல் பினாடுபோ எரிமலை வெடித்து, கந்தகத் துகள்கள் வானத்தில் பரவின. பூமி சற்றே குளிர்ந்தது, வெயில் சிதறி மரங்களின் உள்ளடுக்கு இலைகள் வரைக்கும் போனது, தாவரங்கள் கூடுதலாக உறிஞ்சின. 1992-ல் உயர்வு 1 பிபிஎம்-க்கும் கீழே. பேனாவுக்கு அதில் பங்கில்லை, சும்மாதான்.

6. மண்புழு

திசைகாட்டி, கடைசிப் பாதிக் கணக்கில் ஒரு சின்னத் திருத்தம். "பாதி உறிஞ்சப்படும்" என்பது நீண்டகாலச் சராசரி. கடலும் காடும் உறிஞ்சுவது அந்த வருட உமிழ்வைப் பார்த்து இல்லை, இதுவரை காற்றில் சேர்ந்துவிட்ட மொத்தத்தைப் பார்த்து. ஒரு வருடம் நாம் குறைத்தால் அவை உடனே தங்கள் பங்கையும் பாதியாகக் குறைத்துக்கொள்ளாது. அதனால் 0.13 கீழ்வரம்பு, 0.25 மேல்வரம்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். உலக வானிலை அமைப்பு 2020-ல் சொன்னதும் 0.08 முதல் 0.23 வரை.

7. திசைகாட்டி

ஒப்புக்கொள்கிறேன். பழக்கதோஷத்தில் பாதியாக்கிவிட்டேன்.

8. சும்மாதான்

ஒரு நிமிடம். நீங்கள் 3,700 கோடி டன் என்கிறீர்கள். நான் படித்த அறிவியல் கட்டுரையில் உலக உமிழ்வு ஆண்டுக்கு 1,000 கோடி டன் என்று இருக்கிறது. நாலு மடங்கு வித்தியாசம்! இதற்குப் பெயர்தான் ஆராய்ச்சியா?

9. தராசுமுள்

ரெண்டும் ஒன்றுதான் ஐயா. அவர்கள் கார்பனை மட்டும் எடை போடுகிறார்கள். இங்கே கார்பன் டை ஆக்சைடை. கார்பனின் அணு எடை 12, ஆக்சிஜன் இரண்டு சேர்ந்தால் 44. ஆக 44/12, அதாவது 3.67-ஆல் பெருக்க வேண்டும். ஆராய்ச்சிக் கட்டுரைகள் பெரும்பாலும் கார்பனில் பேசும், அரசு அறிக்கைகள் கார்பன் டை ஆக்சைடில் பேசும். இந்த ஒரு குழப்பத்தால் கூட்டங்களில் அரைமணி நேரம் வீணானதைப் பார்த்திருக்கிறேன்.

முக்கால் கிலோ எடையுள்ள ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்து 2.3 கிலோ வாயு எப்படி வரும் என்று அடுத்த கேள்வி வரும், அதனால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மீதி எடை காற்றிலிருந்து சேரும் ஆக்சிஜன்.

10. சும்மாதான்

சரி, அதில் நான் சறுக்கிவிட்டேன். ஆனால் ஏறுவது நம்முடைய கார்பன்தான் என்று எப்படித் தெரியும்? கடலிலிருந்து வரலாம், எரிமலையிலிருந்து வரலாம். எல்லாம் ஒரே வாயுதானே, அதில் பெயரா எழுதியிருக்கிறது?

11. திசைகாட்டி

கிட்டத்தட்ட எழுதித்தான் இருக்கிறது. நிலக்கரியும் எண்ணெயும் கோடிக்கணக்கான ஆண்டுகள் மண்ணுக்குள் கிடந்தவை. அவற்றில் கதிரியக்கக் கார்பன்-14 துளியும் மிஞ்சியிருக்காது. அதை எரித்துக் காற்றில் கலந்தால் காற்றிலுள்ள கார்பன்-14 நீர்த்துப்போகும். ஹான்ஸ் சூஸ் 1950-களிலேயே மர வளையங்களில் இதைக் கண்டார். தாவரங்கள் சற்றே கனமான கார்பன்-13-ஐக் கொஞ்சம் ஒதுக்கும். அவற்றிலிருந்து வந்த எரிபொருளிலும் அது குறைவு. காற்றில் அந்த விகிதமும் இறங்கிக்கொண்டே வருகிறது.

இன்னொன்று, எனக்குப் பிடித்தது இதுதான். எரித்தால் ஆக்சிஜன் செலவாக வேண்டுமல்லவா? மௌனா லோவா அளவீட்டைத் தொடங்கிய சார்லஸ் கீலிங்கின் மகன் ரால்ஃப் கீலிங் காற்றின் ஆக்சிஜனையே அளக்க வழி கண்டார். அதுவும் எதிர்பார்த்தபடி குறைந்துகொண்டிருக்கிறது. மூச்சு முட்டும் அளவுக்கெல்லாம் இல்லை, பயப்பட வேண்டாம். எரிமலை கக்கியிருந்தால் ஆக்சிஜன் குறைய வேண்டிய அவசியமே இல்லை. கடல் வெளியே விட்டிருந்தால் கடல்நீரின் அமிலத்தன்மை குறைந்திருக்கும், நடப்பது நேரெதிர். எரிமலைகளின் வழக்கமான பங்கு நம் உமிழ்வில் நூற்றில் ஒன்று அளவுதான்.

மௌனா லோவாவில் கருவி ஓடுவதோடு கண்ணாடிக் குடுவையிலும் காற்று பிடிப்பார்கள். காற்றை வெளியேற்றிய குடுவையோடு வெளியே போய், மூச்சை நன்றாக இழுத்து விட்டு, பிறகு அடக்கிக்கொண்டு, காற்று வீசும் திசையைப் பார்த்து நின்று மூடியைத் திறக்க வேண்டும். நம் வாயிலிருந்து வருவதில் வெளிக்காற்றைவிட நூறு மடங்கு கார்பன் டை ஆக்சைடு இருக்கும். ஒரு மூச்சு பட்டாலே மாதிரி கெட்டது. 2022 நவம்பரில் எரிமலைக் குழம்பு ஓடி நிலையத்துக்குப் போகும் சாலையையும் மின்கம்பியையும் அறுத்துவிட்டது. பக்கத்து மௌனா கியாவில் கருவியை வைத்து அளந்தார்கள்.

12. தராசுமுள்

காற்றில் இருப்பது அளந்த எண். நாடுகள் ஒப்பிக்கும் உமிழ்வு அப்படி இல்லை, இதைப் பலர் கவனிப்பதில்லை. புகைபோக்கியில் கருவி வைத்து அளக்கும் இடங்கள் உண்டு. அமெரிக்க மின்நிலையங்களில் 1990-களிலிருந்தே அது கட்டாயம். மற்றபடி உலகத்தின் பெரும்பகுதி உமிழ்வு பெருக்கல் கணக்கு. எவ்வளவு எரிபொருள், அதன் வெப்ப மதிப்பு என்ன, ஒரு வெப்ப அலகுக்கு எத்தனை கிலோ வாயு (இதற்குப் பெயர் காரணி).

நான் இந்த அறிக்கைகளைச் சரிபார்க்கும் வேலையில் பல வருடம் இருந்தவன். ஒரு ஆலை (பெயர் வேண்டாம்). நிலக்கரி பட்டையில் ஓடும்போது எடைபோடும் தராசு, ஆய்வகச் சான்று, அட்டவணை எல்லாம் சுத்தம். மாலை ஐந்தரைக்குக் கிளம்பும் நேரத்தில் ஆய்வகச் சீட்டின் மூலையில் சின்ன எழுத்தில் "மொத்த வெப்ப மதிப்பு" என்று இருந்ததைப் பார்த்தேன். அட்டவணையில் இருந்த காரணியோ நிகர வெப்ப மதிப்புக்கானது. எரியும்போது உண்டாகும் நீராவியின் வெப்பத்தைச் சேர்ப்பதா, விடுவதா என்பதுதான் இரண்டுக்கும் வித்தியாசம். நிலக்கரிக்கு சுமார் 5 சதவீதம், எரிவாயுவுக்கு சுமார் 10 சதவீதம். மூன்று வருடமாக உமிழ்வைக் கூட்டியே காட்டி வந்திருக்கிறார்கள்.

திருத்தச் சொன்னேன், சந்தோஷமாகத் திருத்தினார்கள். இந்த வருடத்தை மட்டும்! பழைய வருடங்களை அப்படியே விட்டுவிட்டு "5 சதவீதம் குறைத்தோம்" என்று அறிக்கை தயாராகிவிட்டது. புகைபோக்கியில் ஒரு கிலோ குறையவில்லை. அடிப்படை ஆண்டையும் (ஒப்பிட எடுத்துக்கொள்ளும் பழைய ஆண்டு) சேர்த்துத் திருத்து என்று சொல்லி மேலும் இரண்டு மாதம் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

13. சும்மாதான்

ஆக, எல்லாம் குத்துமதிப்பு. நானும் அதைத்தானே சொன்னேன்!

14. தராசுமுள்

அவசரப்படாதீர்கள். எதில் குத்துமதிப்பு, எதில் இல்லை என்று தெரிந்துகொள்வதற்குத்தான் சொன்னேன்.

சிமெண்டில் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டால் நூறு கிராமுக்கு 44 கிராம் வாயு வந்தே தீரும். வேதியியல் ஏமாற்றாது. எண்ணெய், எரிவாயுவிலும் பெரிய பிழை வராது, ஏனென்றால் விற்றவர், வாங்கினவர், வரி போட்டவர் என மூன்று பேர் எண்ணுகிறார்கள். உலக மொத்தப் புதைபடிவ உமிழ்வு 5 சதவீதம் முன்பின் என்பது பொதுவான மதிப்பீடு. நிலக்கரி கொஞ்சம் தகராறு, அதன் தரம் சுரங்கத்துக்குச் சுரங்கம் மாறும். 2015-ல் வந்த ஒரு ஆய்வு சீன நிலக்கரி மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. வழக்கமாகப் போடும் சர்வதேசக் காரணியைவிட உண்மைக் காரணி சுமார் 40 சதவீதம் குறைவு என்று வந்தது. அதே நேரம் எரித்த நிலக்கரியின் அளவு புள்ளிவிவரத்தில் இருந்ததைவிடக் கூடுதல். ஒன்றை ஒன்று ஓரளவு ஈடுகட்டியது.

உண்மையிலேயே மோசம் மீத்தேன், அதாவது எரிவாயுவின் பெரும்பகுதி. இங்கே சிக்கல் எரிவதில் இல்லை, கசிவதில். கசிவுக்கு ரசீது கிடையாது. அமெரிக்க எண்ணெய், எரிவாயுத் துறையில் நேரில் அளந்து 2018-ல் வெளியிட்டார்கள். அரசுக் கணக்கைவிட சுமார் 60 சதவீதம் கூடுதல், எடுத்த எரிவாயுவில் 2.3 சதவீதம் காற்றோடு போகிறது. 20 வருடக் கணக்கில் பார்த்தால் மீத்தேன் கார்பன் டை ஆக்சைடைவிட 80 மடங்கு சூடேற்றும். "நிலக்கரிக்குப் பதில் எரிவாயு, பாதி உமிழ்வு" என்று கொள்கை எழுதுகிறவர்கள் அந்த 2.3-ஐப் பார்த்தால் கொஞ்சம் யோசிப்பார்கள்.

15. மண்புழு

நிலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள், தராசு அண்ணே. அங்கேதான் பெரிய ஓட்டை. நாடுகள் தங்கள் "பராமரிக்கும் காடுகள்" உறிஞ்சுவதையெல்லாம் தங்கள் வரவில் எழுதுகின்றன. ஆராய்ச்சியாளர்களின் கணினி மாதிரிகளோ, காற்றில் கார்பன் கூடியதால் மரம் தானாகக் கொழுத்து வளர்வதை இயற்கையின் கணக்கில் வைக்கின்றன. இந்த வரையறை வித்தியாசத்தால் மட்டும் ஆண்டுக்கு சுமார் 550 கோடி டன் இடைவெளி. யாரும் பொய் சொல்லவில்லை, ஒரே மரத்தை இரண்டு பேர் இரண்டு பேரேட்டில் எழுதுகிறார்கள்.

விறகை எரித்து மின்சாரம் எடுத்தால் எரிசக்திக் கணக்கில் பூஜ்யம். மரம் வெட்டப்பட்ட நாட்டின் நிலக் கணக்கில் எழுத வேண்டும். சர்வதேசக் கப்பலும் விமானமும் எந்த நாட்டு மொத்தத்திலும் சேராது, அடிக்குறிப்பில் தனியே இருக்கும்.

16. மூன்றாம்பக்கம்

இதையெல்லாம் கேட்டால் தலை சுற்றுகிறது. நான் கேட்டது கொள்கையைப் பற்றியும்தான். காகிதத்தில் இருப்பது சரியா என்று காற்றைக் கேட்டுப் பார்த்து, தப்பைக் கண்டுபிடித்த சம்பவம் ஏதாவது உண்டா?

17. திசைகாட்டி

உண்டு, ஆனால் கார்பனில் இல்லை. சிஎஃப்சி-11. ஓசோனைத் தின்னும் வாயு. 1987-ன் மாண்ட்ரியல் உடன்படிக்கையின்படி 2010-க்குள் உற்பத்தியை உலகம் முழுக்க நிறுத்தியாயிற்று. காகிதத்தில் பூஜ்யம். ஆனால் காற்றில் குறைய வேண்டிய வேகத்தில் குறையவில்லை. 2012-க்குப் பிறகு யாரோ புதிதாக வெளியிடுகிறார்கள் என்று 2018-ல் எழுதினார்கள். அடுத்த ஆண்டு கொரியாவின் கோசான், ஜப்பானின் ஹத்தேருமா நிலையங்களின் பதிவுகளை வைத்து, எந்தக் காற்று வீசும்போது அளவு ஏறுகிறது என்று பின்னோக்கிப் பார்த்து, கிழக்குச் சீனாவைக் காட்டினார்கள். அதற்குப் பின் நடவடிக்கை வந்தது, உமிழ்வும் சட்டென்று இறங்கியது.

கார்பன் டை ஆக்சைடில் இது கடினம். சிஎஃப்சி-க்கு இயற்கையில் மூலமே கிடையாது, பார்த்தால் திருடன்தான். கார்பனுக்கு உலகத்திலுள்ள ஒவ்வொரு இலையும் மூலம். தாவரங்களின் பருவ மூச்சு மட்டும் மௌனா லோவாவில் ஆண்டுக்கு 6 பிபிஎம் ஏற்றி இறக்குகிறது. உங்கள் ரம்பப் பல் அதுதான். 2014-ல் போன ஓசிஓ-2 செயற்கைக்கோள் நேர் மேலே கடந்தால் பெரிய மின்நிலையங்களின் புகையைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. ஆனால் அதன் பார்வை ஒரு குறுகலான பட்டைதான், அடிக்கடி அதே இடத்துக்கு வராது. மீத்தேனில் நிலைமை மேல். சென்டினல்-5பி செயற்கைக்கோள் பெரிய கசிவுகளைத் தினமும் தேடுகிறது. மீத்தேனுக்கென்றே 2024-ல் ஏவிய மீத்தேன்சாட் மட்டும் 2025 ஜூனில் தொடர்பை இழந்தது. பெரிய இழப்பு.

18. ஈரக்காற்று

கொள்கைக்கு வருவோம். கார்பன் விலை, அதாவது விடும் ஒவ்வொரு டன்னுக்கும் காசு கட்ட வைப்பது, வேலை செய்கிறதா? 21 விலைத் திட்டங்களை ஆராய்ந்த கட்டுரைகளையெல்லாம் தொகுத்து 2024-ல் ஒரு அலசல் வந்தது. 5 முதல் 21 சதவீதம்வரை குறைப்பு. நல்ல முடிவு வந்த ஆய்வுகளே அதிகம் அச்சாகும் என்ற சாய்வைக் கழித்தால் 4 முதல் 15. பெரிய வெற்றி இல்லை, பூஜ்யமும் இல்லை.

அதே ஆண்டு இன்னொன்று: 41 நாடுகளில் 1998 முதல் 2022 வரை வந்த 1,500 கொள்கைகளைப் போட்டுப் பார்த்தால், உமிழ்வில் தெளிவான பெரிய சரிவு தெரிந்த சந்தர்ப்பங்கள் வெறும் 63. அதிலும் பெரும்பாலும் தனி ஒரு சட்டம் செய்யவில்லை. விலையும் தடையும் மானியமும் கைகோத்த இடங்களில்தான் நடந்தது.

பிரிட்டனைப் பாருங்கள். 2012-ல் மின்சாரத்தில் சுமார் 40 சதவீதம் நிலக்கரி. 2013-ல் ஐரோப்பிய உமிழ்வுச் சீட்டுச் சந்தையின் விலைக்கு மேல் சொந்தமாக ஒரு அடிமட்ட விலை வைத்தார்கள். 2024 செப்டம்பர் 30 அன்று கடைசி நிலக்கரி நிலையம் மூடியது.

19. தராசுமுள்

அதை முழுக்க வரியின் கணக்கில் எழுதாதீர்கள். பழைய நிலையங்கள் மாசுக் கட்டுப்பாட்டு விதிகளால் எப்படியும் மூடும் நிலையில் இருந்தன, கடல் காற்றாலைகளும் வந்தன. வரி தள்ளியது, ஏற்கெனவே சாய்ந்திருந்த சுவரை.

20. ஈரக்காற்று

சாய்ந்த சுவர் எத்தனை இடத்தில் முப்பது வருடம் நிற்கிறது, பார்த்ததில்லையா? விலை போதாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் ஐரோப்பாவே உதாரணம். 2005-ல் உமிழ அனுமதிச் சீட்டு வாங்கி விற்கும் சந்தை தொடங்கினார்கள். அனுமதிச் சீட்டை அள்ளிக் கொடுத்ததாலும் பொருளாதார மந்தத்தாலும் 2013-ல் டன்னுக்கு 5 யூரோவுக்கும் கீழே விழுந்தது. உபரிச் சீட்டை உள்ளே இழுத்துக்கொள்ளும் ஏற்பாடு 2019-ல் வரும் என்று உறுதியான பிறகுதான் விலைக்குப் பல் முளைத்தது.

21. சும்மாதான்

சரி, கார்பன் கிரெடிட்? எங்கோ காட்டைக் காப்பாற்றினேன் என்று சீட்டு வாங்கிவிட்டு இங்கே எரிப்பது. எனக்கு முதலிலிருந்தே ஒட்டவில்லை.

22. தராசுமுள்

இதில் உங்கள் பக்கம்தான் நான். :) கிரெடிட் என்பது "நான் தலையிடாவிட்டால் என்ன நடந்திருக்கும்" என்ற கற்பனையிலிருந்து கழித்துப் பெறும் எண். கற்பனையை எழுதுபவரே சீட்டையும் விற்பவர். கியோட்டோ பருவநிலை உடன்படிக்கைக் காலத்தில் எச்எஃப்சி-23 என்ற வாயுவின் கதை நடந்தது. குளிரூட்டி வாயு தயாரிக்கும்போது துணைப்பொருளாக வருவது; ஒரு டன், கார்பன் டை ஆக்சைடு 11,700 டன்னுக்குச் சமம் என்று வைத்திருந்தார்கள். அதை எரித்தால் கிடைக்கும் சீட்டு அசல் சரக்கைவிட லாபம். கழிவுக்காகவே சரக்கு தயாரிக்கும் தூண்டுதல் வந்துவிட்டது. 2013 முதல் ஐரோப்பா அந்தச் சீட்டுகளை ஏற்பதை நிறுத்தியது.

காட்டுத் திட்டங்களுக்கு 2023-ல் ஒரு ஆய்வு: ஆறு நாடுகளில் 26 திட்டங்கள். திட்டம் இல்லாத அதேமாதிரிக் காடுகளோடு ஒப்பிட்டால், எதிர்பார்த்த கிரெடிட்டில் சுமார் 6 சதவீதத்துக்குத்தான் உண்மையான கூடுதல் குறைப்பு இருந்தது.

என் ஆலைக் கதையும் இதுதான். இன்றைய எண்ணைக் குறைப்பதைவிட, ஒப்பிட எடுத்த அடிப்படை எண்ணைக் கூட்டுவது சுலபம். காற்றுக்கு மட்டும் அடிப்படை ஆண்டு கிடையாது.

23. மண்புழு

கிரெடிட் எல்லாமே மோசடி என்று முடித்துவிடாதீர்கள். அந்தக் காடுகளில் காவல் காத்தவர்களுக்குச் சம்பளம் அந்தப் பணத்தில்தான் போனது. காட்டைக் காக்க நேரடியாகப் பணம் கொடுங்கள் என்பது என் கட்சி. டன்னுக்கு டன் ஈடு என்ற வேஷம் வேண்டாம்.

24. மூன்றாம்பக்கம்

முதல் கேள்விக்கே திரும்புகிறேன். நேற்று இரவு கணக்குப் போட்டேன், தப்பிருந்தால் திருத்துங்கள். உமிழ்வு 2020 போல ஒரு வருடம் மட்டும் சறுக்காமல், ஒவ்வொரு வருடமும் 200 கோடி டன் வீதம் குறைந்துகொண்டே போகிறது என்று வைப்போம். மண்புழு சொன்ன மேல்வரம்புப்படி ஆண்டு உயர்வு வருடத்துக்கு 0.25 குறையும், நாலாவது வருடம் 1 பிபிஎம் குறைவு. திசைகாட்டியின் பாதிக் கணக்குப்படி அதே 1 வர எட்டு வருடம். இயற்கையின் அலைச்சலும் 1 அளவுதான் என்பதால், கோட்டில் கண்ணுக்குத் தெரிய நாலு முதல் எட்டு வருடம் தொடர்ந்து குறைக்க வேண்டும். ஐந்து வருடத்துக்கு ஒருமுறை தேர்தல் நடக்கும் இடங்களில் இது எவ்வளவு சங்கடம் என்று யோசித்துப் பார்த்தேன்.

25. திசைகாட்டி

கணக்கு சரி. புள்ளியியல் முறையில் எல் நினோ பங்கைக் கழித்துப் பார்த்தால் கொஞ்சம் முன்பே தெரியும். வெறும் கண்ணுக்கு நீங்கள் சொன்னதுதான். ஆனால் கோடு வளைவதும் சூடு நிற்பதும் வேறு வேறு. ஒரு லட்சம் கோடி டன்னுக்கு சுமார் 0.45 டிகிரி என்று சேர்ந்துகொண்டே போகும். 1850 முதல் 2019 வரை 2.4 லட்சம் கோடி டன் போட்டாயிற்று. சூடு ஏறுவது நிற்க உமிழ்வு நிகர பூஜ்யத்துக்கு, அதாவது நாம் விடுவதும் திரும்ப எடுப்பதும் சமம் என்ற நிலைக்கு, வர வேண்டும்.

26. சும்மாதான்

சரி, நாலு முதல் எட்டு வருடம். மட்டுறுத்துநர் கவனத்துக்கு: அதுவரை இந்த இழையைப் பூட்டாமல் வைக்கவும்.